எகிப்து முதலில், சீனாய் அடுத்து



இந்த உரைக்கான அழைப்பிதழ் வந்த அன்று அதிலிருந்த ஒரு சொல்லையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அறக்கட்டளை.' பத்துக் கட்டளை என்னும்போது கட்டளை என்பது ஆணை. உச்சிக்காலக் கட்டளை என்று கோயில்களில் சொல்லும்போது அது கொடை. யாரோ ஒருவர் நிலம் எழுதிவைத்திருக்கிறார், அதன் விளைச்சலில் விளக்கு எரிகிறது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் கல்லுக்குக் கட்டளைக்கல் என்று பெயர்; வள்ளுவரே எடுத்தாண்ட சொல். ஆணை, கொடை, உரைகல் என்ற மூன்றையும் தமிழ் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறது. நியாயப்பிரமாணம், பாவம், கிருபை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிரசங்க மேடைகளில் நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் எதிரெதிரே நிறுத்தியே பழகிவிட்டோம். ஒன்று பழையது, கடுமையானது, மோசேயுடையது. மற்றது புதியது, இளகியது, இயேசுவுடையது. நாற்பது ஆண்டுகளாக ரோமர் நிருபத்தைப் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில், இந்தப் பிரிவினை தவறு என்று துணிந்து சொல்கிறேன். வேதாகமத்தில் இவை இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் பொதுவான பகை பாவம். கிருபையோ நியாயப்பிரமாணத்துக்கு முந்தியே வந்துவிட்டது. அந்த வரிசை மாறும்போதுதான் நம் விசுவாசம் கோணுகிறது.

என் அப்பா கொத்தனார். தேரி மணல் ஓரத்து ஊர் எங்களுடையது. சனிக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவருடைய தூக்குக்குண்டை வைத்து விளையாடிக்கொண்டிருப்பேன். நூலின் ஒரு முனையில் இரும்புக் குண்டு. நூலிலேயே மேலும் கீழும் நகரும் ஒரு மரக்கட்டை. கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல் வரியோடு ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விடுவார். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். இடைவெளி விட்டு நின்றால் சுவர் வெளியே தள்ளியிருக்கிறது. சுவரில் இடித்துக்கொண்டு கிடந்தால் உள்ளே சாய்ந்திருக்கிறது. குண்டு ஆடி அடங்கும்வரை அப்பா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார். அது தரும் தீர்ப்பை எதிர்த்து எந்தக் கொத்தனாரும் வாதாடியதை நான் பார்த்ததில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசி கண்ட தரிசனம் ஒன்றில் ஆண்டவர் ஒரு மதிலின்மேல் நிற்கிறார், கையில் தூக்குநூல். கிறிஸ்துவுக்கு முந்திய எட்டாம் நூற்றாண்டில் ஏழைகளை ஒரு ஜோடி செருப்புக்கு விற்ற ஒரு தேசத்தின் நடுவே அந்த நூல் விழுகிறது. பவுல் ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தால் வருவது பாவத்தைப் பற்றிய அறிவு என்று சொல்லும்போது எனக்கு அப்பாவின் குண்டுதான் நினைவுக்கு வரும். தூக்குக்குண்டு சுவரைக் கோணலாக்குவதில்லை. நிமிர்த்தவும் அதற்கு வலுவில்லை. எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் கோணல் சுவர் கோணலாகவே நிற்கும். குறை குண்டில் இல்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பவுலும் மறக்கவில்லை: ஏழாம் அதிகாரத்தின் நடுவில் நின்று, நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது, நல்லது என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்.

கோணல் தெரிந்த பிறகு கட்டடத்தில் ஒரு பேச்சு எழும். 'பூச்சுல சரிக்கட்டிரலாம்.' சுவர் தள்ளியிருக்கும் இடத்தில் சாந்தை மெலிதாகவும், குழிந்த இடத்தில் கனமாகவும் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும். வேதாகமத்துக்கு இந்தத் தொழில் ரகசியம் நன்றாகத் தெரியும். எசேக்கியேல் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசும்போது, ஆட்டங்காணும் சுவருக்குச் சாரமில்லாத சாந்து பூசுகிறவர்கள் என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 23-ஆம் அதிகாரத்தில், வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியனை வெள்ளையடித்த சுவர் என்று பவுல் திட்டுகிறார். அதற்கு அடுத்து நடப்பதை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. அவர் பிரதான ஆசாரியர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதும் பவுல் தணிந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லி, அதிபதியை நிந்திக்கக்கூடாது என்ற மோசேயின் பிரமாணத்தைத் தானே எடுத்துக் காட்டுகிறார். கிருபையின் அப்போஸ்தலர் என்று நாம் கொண்டாடுகிறவர், சபை நடுவே, அடிபட்ட வாயோடு, தன் பேச்சின்மேல் தானே தூக்குநூல் பிடிக்கிறார். இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு பவுல் நியாயப்பிரமாணத்தைத் தூக்கி எறிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

இனிச் சொற்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் தடுமாற்றத்தில் பாதி சொல்லில் இருக்கிறது. எபிரெயத்தில் 'தோரா' என்றால் அறிவுறுத்தல். தகப்பன் மகனுக்குக் காட்டும் வழி. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக யூத அறிஞர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது அதை 'நோமோஸ்' என்றார்கள். தமிழில் நாம் நியாயப்பிரமாணம் என்றோம். பிரமாணம் என்பது அளவை. தூக்குநூலுக்குப் பக்கத்துச் சொல். அந்த வகையில் நல்ல சொல்தான். ஆனால் நம் காதில் 'நியாயம்' விழுந்ததும் நீதிமன்றமும், 'பிரமாணம்' விழுந்ததும் பத்திர எழுத்தரின் மேசையும் வந்துவிடுகின்றன. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருச்சட்டம்' என்றது. அதிலும் சட்டத்தின் வாடை போகவில்லை. தகப்பன் குரலைத் தமிழில் இன்னும் நாம் மீட்டெடுக்கவில்லை.

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தபோது, வேறே தேவர்கள் வேண்டாம் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குவோம். ஆனால் சீனாய் மலையில் கடவுள் அங்கே தொடங்கவில்லை. உன்னை அடிமை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவன் நான் என்று தொடங்கினார். யூத மரபு அந்த வாக்கியத்தைத்தான் பத்தில் முதலாவதாக எண்ணுகிறது. நாம் முன்னுரை என்று நினைத்துத் தாண்டிப்போவதை அவர்கள் முதல் வார்த்தையாக வைத்திருக்கிறார்கள். எகிப்து முதலில், சீனாய் அடுத்து. கடலைக் கடந்து கரையேறிய பிறகுதான் கற்பலகைகள் வருகின்றன. நீ நேராக நட, உன்னை விடுவிப்பேன் என்று அந்த ஜனத்துக்கு யாரும் சொல்லவில்லை.

கொடையில்லாத கட்டளை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அதே யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். பார்வோன் செங்கல் அறுக்கிற அடிமைகளுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்கிறான். கணக்குக் குறைந்த அன்று இஸ்ரவேல் மேற்பார்வைக்காரர்களுக்கு அடி விழுகிறது. நம் சபைகளில் பலர் மனத்தில் வைத்திருக்கும் நியாயப்பிரமாணத்தின் உருவம் சீனாயினுடையது அல்ல, பார்வோனுடையது. வைக்கோல் தராமல் செங்கல் கேட்கிற கடவுள். சீனாயில் பேசியவரோ அடிமையாயிருந்தவனுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்ந்திருக்கட்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாயே என்று உபாகமத்தில் காரணமும் சொன்னார். ஆறு நாள் சாந்துச் சட்டியோடு நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்ட என் அப்பாவுக்கு அந்தக் கட்டளை சுமையாயிருந்ததில்லை.

அப்படியானால் பவுல் ஏன் நியாயப்பிரமாணத்தைப் பற்றி அவ்வளவு கலக்கத்தோடு பேசுகிறார்? இங்கேதான் பாவத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். அப்பா ஒரு வீட்டுத் திண்ணைக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தார். ஈரம் காயவில்லை. 'தொட்டுராத' என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அந்த வார்த்தையைக் கேட்கும்வரை எனக்கு அந்தத் தளத்தின்மேல் எந்த ஆசையும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். அவர் திரும்பி வருவதற்குள் என் ஐந்து விரலும் அதில் பதிந்துவிட்டன. ஏன் செய்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நண்பர்களோடு சேர்ந்து இரவில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடினான். பசி இல்லை, வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆயராகியிருந்த அகுஸ்தீன், இதைவிடப் பெரிய தவறுகள் செய்திருந்தும், தம் 'ஒப்புதல்' நூலில் இந்தப் பேரிக்காய்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கினார். விலக்கப்பட்டது என்பதைத் தவிர அந்தப் பழத்தில் அவரைக் கவர்ந்தது எதுவும் இல்லை என்பதுதான் அவரை நடுங்கவைத்தது.

ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் இதையே ஒரு போர்க்களச் சொல்லால் சொல்கிறார். 'அஃபோர்மே' என்ற அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் படை புறப்படும் தளம் என்று பொருள் உண்டு. பாவம் கட்டளையைத் தன் பாசறையாக்கிக்கொள்கிறது. இச்சியாதே என்ற நல்ல வார்த்தையின் உள்ளே புகுந்து, அங்கிருந்தே எல்லா இச்சையையும் கிளப்பிவிடுகிறது. கோட்டை நம்முடையது, உள்ளே இருக்கிற சேனை எதிரியுடையது. பாவத்துக்குப் பவுல் வைத்த 'ஹமார்த்தியா' என்ற சொல்லின் வினைவடிவம் ஹோமரிடம் ஈட்டி குறி தவறுவதைக் குறித்தது. பவுலிடம் அது குறிதவறல் என்ற அளவில் நிற்கவில்லை; ஆளுகிறது, ஏமாற்றுகிறது, கொல்லுகிறது, சம்பளமும் கொடுக்கிறது. சாலையோரச் சுவர்களில் நாம் எழுதிவைக்கிற அந்த ஆறாம் அதிகார வசனத்தின் முழு நுட்பத்தையும் கவனியுங்கள். பாவம் தருவதற்குப் போர்வீரனின் படிக்காசைக் குறிக்கும் சொல்லை வைத்தார். கடவுள் தருவதற்கு வரம் என்ற சொல்லை வைத்தார். சுவரில் நாம் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் எழுதுகிறோம்.

அந்த ஏழாம் அதிகாரத்தில் 'நான், நான்' என்று புலம்புகிறவர் யார் என்பது பழைய வழக்கு. மனந்திரும்புவதற்கு முந்திய பவுலா, பிந்திய பவுலா, ஆதாமா, இஸ்ரவேலா? 1963-இல் கிறிஸ்டர் ஸ்டெண்டால் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், பிலிப்பியருக்கு எழுதும்போது நியாயப்பிரமாணத்தின்படி குற்றமற்றவனாயிருந்தேன் என்று சொல்லும் பவுலுக்கு இப்படிக் குமுறும் மனச்சாட்சி இருந்திருக்குமா என்று கேட்டார். அந்தக் குமுறல் லூத்தருடையது, நாம் அதைப் பவுலின் தலையில் கட்டிவிட்டோம் என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆதாமின் கதையைப் பவுல் தன்மை இடத்தில் சொல்கிறார் என்பது என் முடிவு. என் ஐந்து விரலும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன.

இனிக் கிருபை. வடமொழி 'கிருபா'விலிருந்து வந்த இச்சொல்லில் இரக்கம், பரிதாபம் என்ற சாயல் உண்டு. கத்தோலிக்கர் 'அருள்' என்பார்கள். அது சைவமும் வைணவமும் உருக உருகச் சொன்ன சொல்; குறளில் தனி அதிகாரமே அதற்கு உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொள்வதா என்று அருளைப் பற்றி வைணவர்கள் நடத்திய வாதம் இந்த மண்ணில் எந்தக் கிறிஸ்தவ மாணவனுக்கும் பாடமாக வேண்டியது. ஆனால் பவுல் எழுதிய 'காரிஸ்' என்ற சொல் கோயிலிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரவில்லை. அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலிருந்து வந்தது. காரிஸ் என்றால் கொடை; கொடுக்கிற மனமும் அதுதான், வாங்கினவர் சொல்லும் நன்றியும் அதுதான். பவுல் காலத்தில் ரோமில் வாழ்ந்த செனெக்கா கொடையைப் பற்றி ஏழு புத்தகங்கள் எழுதினார். தகுதியுள்ளவனைப் பார்த்துக் கொடு என்பது அவருடைய அறிவுரை. அதில் கஞ்சத்தனம் கிடையாது. நல்ல கொடை உறவை உண்டாக்கும், ஆகவே ஆளைப் பார்க்க வேண்டும் என்பதே அக்காலத்துப் பெரியோர் கருத்து. பவுல் அந்த உலகத்தின் நடுவில் நின்று, நாம் பகைவர்களாயிருந்தபோதே கடவுள் கொடுத்துவிட்டார் என்றார். கேட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததைவிட அதிர்ச்சியாகவே இருந்திருக்கும்.

ஜான் பார்க்லே 2015-இல் வெளியிட்ட 'பவுலும் கொடையும்' என்ற நூல் இதில் எனக்குப் பெரிய வெளிச்சம் தந்தது. தகுதி பாராமல் வருவது வேறு, பதிலை எதிர்பாராமல் விட்டுவிடுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பவுலின் கிருபை தகுதி பார்ப்பதில்லை. ஆனால் வந்த இடத்தை வந்தபடியே விட்டுவிட்டுப் போவதுமில்லை.

அப்பாவுக்கு மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமை பிடிக்காது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரே கூலி என்பதை அந்தக் கூலிக்காரரால் ஏற்க முடியவில்லை. 'ஆள் கூலி தெரியாதவன் சொன்ன கதை' என்று ஒருமுறை கோபத்தில் சொல்லியும்விட்டார். நான் இறையியல் படித்து வந்து அவருக்கு விளக்கப் பார்த்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: 'கடைசியில வந்தவன் வீட்லயும் அஞ்சு பிள்ளைக இருந்திருக்குமோ?' நான் படித்த விரிவுரைகளில் எதுவும் அந்த வாசலால் உள்ளே நுழைந்ததில்லை. ஒரு நாள் கூலி என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடுவதற்கு உள்ளது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தனுப்பினால் அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

கிருபையைப் பற்றிய பவுலின் போதனை எங்கே பிறந்தது என்பதை மறந்துவிட்டதால்தான் நாம் அதைத் தனி மனிதனின் மனச்சாட்சி விவகாரமாகச் சுருக்கிவிட்டோம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபினிடத்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிவிட்டார். பர்னபாகூட அவர்பின் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற புகழ்பெற்ற வார்த்தை அந்தச் சண்டையைத் தொடர்ந்துதான் வருகிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அது.

1977-இல் இ. பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வு, யூதர்கள் நற்செயலை எண்ணி மீட்பை விலைக்கு வாங்கப் பார்த்தவர்கள் என்ற பழைய சித்திரத்தை உடைத்தது. அவர்களும் கடவுளின் தெரிந்துகொள்ளுதலால் உடன்படிக்கைக்குள் வந்தவர்கள். நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டது உள்ளே நிலைத்திருக்க. அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கிருபையை உயர்த்துவதற்காக யூதர்களைத் தாழ்த்திப் பேசும் பிரசங்கம் பொய் என்பதையும், அந்தப் பொய் ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறந்து இனி எவரும் ரோமர் நிருபத்தைப் பிரசங்கிக்க முடியாது. யோவான் முதலாம் அதிகாரம் 17-ஆம் வசனத்தில் மோசேக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே கிரேக்கத்தில் 'ஆனால்' என்ற சொல் இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இல்லை. பிரசங்கிகள்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

அந்தியோகியாவின் பந்தி தமிழ்நாட்டுக்குத் தூரமில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்திய மிஷன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நற்கருணைக்கு யார் முன்னால் வருவது, யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அன்றைய வழக்குகள். பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. கிருபையைப் பற்றி நாம் எழுதிய பாட்டுகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. தகுதி பாராமல் கொடுத்தவரின் பந்தியில் பிறப்பைத் தகுதியாக்கி உட்காருகிறவன், கிருபை என்ற சொல்லை எத்தனை முறை உச்சரித்தாலும், அதை மறுதலித்தவன். அந்தச் சுவர்களையும் ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு வைத்து நேராகத்தான் கட்டியிருப்பார். அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பெலாகியு, லூத்தர், திரெந்து சங்கம் என்று நீண்ட வரலாறு உண்டு. இறையியல் மாணவர்கள் வகுப்பில் படிப்பீர்கள், நான் விரைந்து கடக்கிறேன். பெலாகியுவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீர் கட்டளையிடுவதை நீரே தாரும் என்ற கருத்தில் அகுஸ்தீன் எழுதிய ஜெபத்தைக் கேட்டு அவர் கொதித்தார். இப்படிச் சொன்னால் மனிதன் முயற்சியை விட்டுவிடுவானே என்று பயந்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைத் தள்ளியது சரிதான். ஆனாலும் அவருடைய பயம் அக்கறையுள்ளவனின் பயம். லூத்தருக்கும் உரோமைக்கும் நடந்த வழக்கில், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டு நற்கிரியைகளுக்கு நம்மை எழுப்புகிறார் என்று இரு தரப்பும் ஒரே குரலில் சொன்ன நாள் அது. அந்த அறிக்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வாசித்துக் காட்டிய சபைகள் நம்மிடையே எத்தனை?

பெலாகியுவின் பயத்துக்கு விடையைப் பதினாறாம் நூற்றாண்டின் ஒரு ஞானோபதேச நூலின் அமைப்பில் பார்க்கிறேன். 1563-இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடைக்கு மூன்று பகுதிகள்: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் எந்தப் பகுதியில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவலத்தில் இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் அதை நன்றியில் வைத்தார்கள். காரிஸ் என்ற சொல்லுக்குள்ளேயே நன்றியும் இருந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1937-இல், நாத்சி ஆட்சியின் நடுவே, டீட்ரிக் போன்ஹோஃபர் மலிவான கிருபையைத் திருச்சபையின் கொடிய பகை என்று எழுதினார். அவருடைய இறைப்பணிப் பள்ளியை இரகசியக் காவல்துறை மூடியதும் அதே ஆண்டில்தான். மலிவான கிருபை பாவத்தை நீதியாக்குகிறது, பாவியை அல்ல என்பது அவர் கண்டது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது பூச்சு வேலை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

லூக்கா 19-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எரிகோவின் வரிவசூல் தலைவன் சகேயு, குள்ளமானவன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு மரத்தடியில் நின்று பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். சகேயு அதுவரை ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை, ஒரு காசும் திருப்பித் தரவில்லை. ஊரார் முறுமுறுக்கிறார்கள்; அதற்குப் பிறகே சகேயு எழுந்து நின்று பேசுகிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. இந்த நாலு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 22: ஆட்டைத் திருடி விற்றவன் ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும். தானாக அறிக்கையிட்டுத் திருப்பித் தருகிறவனுக்கு எண்ணாகமத்தில் சலுகை உண்டு. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். சகேயு சலுகையைக் கேட்கவில்லை. பிடிபட்ட திருடனுக்குரிய முழு அளவையும் தன்மேல் தானே போட்டுக்கொண்டான். விருந்தாளி வீட்டுக்குள் வந்த பிறகு அவனுக்கு மோசேயின் அளவு இனித்தது. எரேமியா 31-இல் புதிய உடன்படிக்கையைப் பற்றிச் சொல்லும்போது கடவுள் நியாயப்பிரமாணத்தை அழித்துவிடப்போவதாகச் சொல்லவில்லை. இருதயத்தில் எழுதுவதாகச் சொன்னார். எரிகோவில் அந்த வீட்டில் நடந்தது அந்த எழுத்து வேலை.

அப்பாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்று அவசரம். தெற்குச் சுவரை இரண்டே நாளில் ஏற்றிவிட்டார். இடையில் குண்டு பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் சோற்றுத் தூக்கோடு போனபோது அப்பா மேலே நின்று கட்டையைப் பிடித்திருந்தார். கீழே குண்டு சுவரைவிட்டு ஒரு விரல் விலகி ஆடிக்கொண்டிருந்தது. சித்தாள் அண்ணன், 'பூச்சுல சரிக்கட்டிரலாம் கொத்தனாரே' என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. இறங்கி வந்து சாந்தைக் குழைத்தார். சாப்பிடவும் இல்லை. சுவரின் அடியில் கனமாக அப்பத் தொடங்கினார். அவர் கையை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவன் கைபோல நடுங்கியது.

வாத்தியார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வாத்தியாரின் அப்பாவும் கொத்தனார்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். கிட்டே வந்து, தொங்கிக்கொண்டிருந்த நூலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள், 'கொத்தனாரே, இடிச்சுக் கட்டிருவோம். சிமெண்டு என் கணக்கு. ரெண்டு நாள் கூலியும் என் கணக்கு. கூரை பொங்கலுக்குப் போட்டாப் போதும். இப்ப கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க, பய வெயில்ல நிக்கான்' என்றார். அப்பா கரணையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கோழி கூப்பிடுமுன் கிளம்பினார். நானும் கூடப் போனேன். விடியும்போது சுவர் பாதி இறங்கியிருந்தது. ஒட்டியிருந்த சாந்தைக் கொத்தி எடுத்துச் செங்கலை ஒவ்வொன்றாய் நான் அடுக்கினேன். உடையாததெல்லாம் திரும்பவும் சுவருக்குத்தான். முதல் வரி வைத்து முடித்ததும், யாரும் சொல்லாமலே, அப்பா மடியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார்.